காபி டம்ளரை நீட்டிய கை

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதி வைக்கிறேன்.

கச்சேரி நடந்த மாலையில், எங்கள் தமிழ் மன்றத்தின் கூடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜாராமன் அவர்களின் அங்கவஸ்திரத்தில் காபி சிந்தியது. சிந்தியவன் என் தம்பி உத்தமன். “கண்ணை எங்கேடா வச்சிருக்கே? யார் பிள்ளை நீ?” என்று அவர் கேட்டார். “பரமசிவம் பையன் சார்” என்றான் தம்பி. “நம்ம ஆபீஸ் பரமசிவமா?” என்று அவன் முகத்தை நிமிர்ந்து ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பெண்கள் பகுதித் திரையின் ஓரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில்தான் கல்கத்தாவின் காளிகாட் பக்கம் கலவரத்தில் ஒரு டிராம் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கொளுத்திய கூட்டத்தில் இருந்தான் என்று சில நாள் கழித்து என் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

சாட்சி சொல்ல வரும்படி கேட்க அப்பா இரண்டு முறை ராஜாராமன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி அம்மாள் கதவைப் பாதி திறந்து, “பூஜையிலே இருக்கார்” என்றார்கள். அதையும் நான் சொல்லவில்லை.

அப்பாவுக்கு மேலதிகாரி அவர். அன்றைய விழாவுக்குத் தலைவரும் அவரே. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அது இல்லை. மேடையில் பெயரைச் சொல்லி இழுத்தால் கோபத்தோடு வருவார், சாட்சிக் கூண்டில் நின்று மழுப்புவார் என்று பயந்தேன். அவராக எழுந்து வர வேண்டும் என்று விரும்பினேன். அதனால் அவரைப் பற்றிப் பேசாமல் மற்றதையெல்லாம் பேசினேன். 1971-ஆம் ஆண்டு விழாவில் நான் பேசியது இது.

*

மன்றத்தின் தலைவர், மாண்புமிக்க ராஜாராமன் அவர்களே! மணியின் மேல் ஒரு கையும் கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் செயலாளர் வெங்கடசுப்ரமணியன் அவர்களே! பாலிகஞ்சிலிருந்தும் லேக் கார்டன்ஸிலிருந்தும், பஸ் ஓடுமா ஓடாதா என்று தெரியாமலே புறப்பட்டு வந்திருக்கும் பெரியோர்களே! இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமே என்று மூன்று மணிக்கே உலை வைத்து, வடித்து, மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இன்று இந்தக் கூடத்தில் இல்லாத பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இல்லாத பிள்ளைகளுக்கு எதற்கம்மா வணக்கம் என்று மூன்றாவது வரிசையிலிருந்து சேஷாத்ரி மாமா கேட்கிறார். மாமா, ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். இந்த ஆண்டு நாற்காலி போட்டது யார்? நீங்கள்தானே? முதுகு பிடித்துக்கொண்டது என்று வாசலில் நீங்களே சொன்னீர்கள். போன ஆண்டு போட்டது யார்? விளக்குச் சரம் கட்டியது யார்? மைக்செட்காரனோடு மல்லுக்கட்டி மைக்கை மீட்டது யார்? அந்தப் பிள்ளைகள் எங்கே?

பாதிப் பேர் மெட்ராஸ் மெயிலில் போய்விட்டார்கள். அத்தை வீட்டில் கல்யாணம், பாட்டனாருக்குத் திவசம், காலேஜில் இடம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஹௌரா ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். எதற்காகப் போகிறான் என்று அவனிடம் சொன்னோமா? ஊர் நிலைமை சரியில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் அனுப்புகிறேன் என்று எந்தத் தகப்பனாராவது பிளாட்பாரத்தில் நின்று சொன்னாரா? டிபன் டப்பாவைக் கொடுத்தோம். தண்ணீர்க் கூஜாவைக் கொடுத்தோம். காரணத்தை மட்டும் கொடுக்கவில்லை.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, “வளரும் பிள்ளைகளை வழிநடத்துதல்”. பெண் பேசுகிறாள் என்றதும் தாய்மார்களுக்குச் சொல்வாள், பாலில் மஞ்சள் போடு, பாடத்தில் கண் வை என்பாள் என்று நினைத்திருப்பீர்கள். தாய்மார்களே, இன்று உங்களுக்கு விடுமுறை. நான் ஆண்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். யார் வீடு என்று தேட வேண்டாம், என் வீடுதான். அப்பா ஈஸிசேரில். தம்பி ஜன்னலோரத்தில். நடுவில் நாலு அடி. அப்பா சொல்வார், “சௌந்தரம், அவனை முடி வெட்டிக்கச் சொல்லு.” சமையலறையிலிருந்து அம்மா சொல்வாள், “முடி வெட்டிக்கணுமாம்டா.” தம்பி சொல்வான், “நாளைக்கு வெட்டிக்கறேன்னு சொல்லும்மா.” அம்மா சொல்வாள், “நாளைக்காம்.” அப்பா சொல்வார், “நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னான்னு சொல்லு.”

சிரிக்கிறீர்கள். பெண்கள் பக்கம் சிரிப்பு அதிகமாகக் கேட்கிறது. ஏன் கேட்காது? நாமெல்லாம் அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர்கள்தானே? இந்தப் பக்கத்து ஒயரை அந்தப் பக்கம் செருகி, அந்தப் பக்கத்து ஒயரை இந்தப் பக்கம் செருகி, கரண்டியும் கையுமாக இருபது வருஷம் இணைப்புக் கொடுத்தவர்கள்! கணவரின் கோபத்தில் பாதியைக் குறைத்துச் சொல்வோம். பிள்ளையின் அலட்சியத்தில் முக்காலை மறைத்துச் சொல்வோம். அப்பா சொன்ன சொல் பிள்ளைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. பிள்ளையின் சொல் அப்பாவுக்கு வந்து சேர்ந்ததும் இல்லை.

இதில் அன்பில்லை என்று நான் சொல்வேனா? தம்பிக்கு டைபாய்டு வந்தபோது அப்பா ராத்திரி முழுதும் வராந்தாவில் நின்றார். அறைக்குள் வரவில்லை. “ஜுரம் இறங்கிச்சான்னு பாரு” என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நின்றார். தம்பிக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா உள்ளே வரவில்லை என்பது மட்டும்தான்.

பெண்ணுக்குப் பருவம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சுற்றி உட்கார்கிறோம். சொல்லித் தருகிறோம். அத்தை வருகிறாள், சித்தி வருகிறாள், எதிர்வீட்டு வங்காளி அத்தை, பிஷிமா கூட ஒரு புடவையோடு வருகிறாள். பிள்ளைக்குப் பருவம் வந்தால்? குரல் உடைகிறது. வீடே சிரிக்கிறது. முகத்தில் மயிர் அரும்புகிறது. யாரும் பார்க்காததுபோல் பார்க்கிறோம். ஒரு நாள் உத்தமன் அப்பாவின் ரேஸரை எடுத்துத் தானே முயன்று கன்னத்தைக் கீறிக்கொண்டான். ரத்தம் சட்டையில் சொட்டியது. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “என் சாமானைத் தொட வேண்டாம்னு சொல்லு.”

மறுநாள் மாலை மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்தான். யார் செய்துவிட்டது என்று கேட்டேன். பிஜன்தா சொல்லிக் கொடுத்தான் என்றான்.

பிஜன்தா யார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. எங்கள் சந்து முனை டீக்கடையில் நின்றவன். எம்.ஏ. படித்தவன், வேலை இல்லாதவன். நம் பிள்ளைகளுக்கு அவன் தாதா, அதாவது அண்ணன். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, பிளேடை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று என் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவன். அத்தோடு விட்டானா? கேள்வி கேட்டான். “துய் கீ பாபிஷ், உத்தம்?” நீ என்னடா நினைக்கிறாய்?

பெரியோர்களே, பதினாறு வயதுவரை என் தம்பியை யாரும் கேட்காத கேள்வி அது. எத்தனை மார்க் என்று கேட்டிருக்கிறோம். எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறோம். ஏன் லேட் என்று கேட்டிருக்கிறோம். நீ என்ன நினைக்கிறாய் என்று எந்த ஆணும், எந்த மாமாவும், எந்தச் சித்தப்பாவும் கேட்டதில்லை. முதலில் கேட்டவன் தெருமுனையில் நின்றான். அந்தத் தெருமுனைக்கே பிள்ளை போனான். இதில் வியப்பு என்ன இருக்கிறது?

பிஜன்தா காட்டிய வழி சரியென்று நான் சொல்ல வரவில்லை. அவன் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது நிறைய. எரிகிற டிராமைப் பார்த்து எந்த ஏழைக்கும் வயிறு நிறைந்ததில்லை. இன்று அவன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதே அவன் அம்மாவுக்குத் தெரியாது. தினமும் டீக்கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். வழி தவறென்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி. வேறு வழி காட்ட அந்த முனையில் நம்மில் யார் நின்றோம்?

நாம் எங்கே நின்றோம் என்று சொல்லட்டுமா? மெட்ராஸ் பேப்பருக்குள் நின்றோம். இரண்டு நாள் தாமதமாக வரும் பேப்பர். மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று நம் அப்பாக்களுக்குத் தெரியும். மாம்பலத்தில் எந்தச் சபாவில் யார் கச்சேரி என்று தெரியும். நம் வீட்டுச் சுவரிலேயே நேற்று ராத்திரி கரியால் என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. ஏனென்றால் அது வங்காளி எழுத்து. படிக்கத் தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான் இருந்தான். அவனிடம் கேட்டிருக்கலாம். “இதில் என்னடா எழுதியிருக்கு?” என்று ஒரே ஒரு முறை. அந்த ஒரு கேள்வியில் எவ்வளவோ பேச்சு பிறந்திருக்கும்.

செயலாளர் மணியைத் தொடுகிறார். ஐயா, தயவுசெய்து கையை எடுங்கள். நான் இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பைவிட்டு விலகிப் போகிறது என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. விலகவில்லை ஐயா, நெருங்குகிறது.

டிராம் எரிந்து சில நாள் கழித்து எங்கள் சந்தில் போலீஸ் வந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்த பிள்ளைகளை அப்படியே வண்டியில் ஏற்றியது. என் தம்பியும் அதில் ஒருவன். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கொஞ்ச நாளாக எங்கள் சந்து வழியாக யாரும் வருவதில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அதைச் சொல்ல நேற்று அப்பாவிடம் அனுமதி கேட்டேன். அம்மா மூலம் கேட்கவில்லை, நேராகக் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சொல்லு” என்றார்.

அப்பா போலீஸ் நிலையத்துக்குப் போனார். அதிகாரி நாற்காலி போட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் பையனின் சிநேகிதர்கள் யார் யார்? சாயங்காலம் எங்கே போவான்? என்ன புத்தகம் படிப்பான்? டிராம் எரிந்த அன்று எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் போனான்?

அப்பா வலது பக்கம் திரும்பினார்.

அந்தப் பக்கம் யாரும் இல்லை. அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டில் எந்தக் கேள்வி வந்தாலும் சமையலறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பழகிய கழுத்து அது. போலீஸ் நிலையத்திலும் திரும்பியது. அங்கே ஒரு சுவரும் ஒரு காலண்டரும்தான் இருந்தன.

அதிகாரி சிரிக்கவில்லை என்று அப்பா சொன்னார். சிரித்திருந்தால் தேவலை என்றும் சொன்னார். “மொஷாய், ஐயா, பையன் உங்கள் பையன்தானே?” என்று மட்டும் கேட்டாராம்.

இந்தக் கூடத்தில் எத்தனை கழுத்துகள் அப்படித் திரும்பும்? என் அப்பா மட்டும்தானா? உங்களைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதன் பெயர் என்ன என்று கேட்டால் நேராக உட்கார்ந்து பதில் சொல்வீர்களா? அவன் எதைக் கண்டு பயப்படுகிறான், எதை நினைத்து அழுகிறான், கடைசியாக எப்போது சிரித்தான்? தெரியுமா? ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

ஆண்பிள்ளையை ஆளாக்க அதிகம் வேண்டாம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட் வழியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறீர்களே, அவனையும் கூட்டிப் போங்கள். ஆபீஸில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கினால், வாங்கினேன் என்று அவனிடம் சொல்லுங்கள். ஆண் என்றால் பயமே இல்லாதவன் என்று நினைத்து அவன் தன் பயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவிக்கிறான். நீங்கள் பயந்ததைச் சொல்லுங்கள். பயந்தும் செய்ததைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையிடம் மட்டும் போதாது. அடுத்த வீட்டுப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். தகப்பனிடம் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை மாமாவிடம் சொல்வான், அந்த மாமா அவன் முகத்தைப் பார்த்துப் பேசினால்.

முகம் என்று சொன்னேன். இப்போது கேட்கிறேன்.

டிராம் எரிந்த மாலை எந்த மாலை? நம் மன்றத்தின் கச்சேரி மாலை. அந்த நேரத்தில் என் தம்பி எங்கே இருந்தான்? இங்கே இருந்தான். இதோ இந்தத் தூணுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில், கையில் தட்டோடு. பெண்கள் பகுதிக்கு நாங்கள் காபி கொண்டு போனோம். ஆண்கள் பகுதிக்கு அவன்தான் கொண்டு வந்தான். நான் சொன்னால் எடுபடாது, நான் அக்கா. அம்மா சொன்னால் எடுபடாது, அவள் தாய். வக்கீல் சொல்கிறார், உறவில்லாத ஒருவர் வந்து, அன்று மாலை இந்தப் பையனைக் கூடத்தில் பார்த்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் ஜாமீன் கிடைக்கலாம் என்று.

அன்று இங்கே காபி குடித்த ஆண்கள் எத்தனை பேர்? நிறைந்த கூடம்! சூடு போதவில்லை என்றீர்கள். சர்க்கரை அதிகம் என்றீர்கள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். காபியின் சூடு நினைவிருக்கிறது, சர்க்கரை நினைவிருக்கிறது. டம்ளரை நீட்டியது யார் கை? அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்ததே, அது நினைவிருக்கிறதா? அந்த முகத்துக்கு ஒரு பெயர் இருந்ததே, அதைக் கேட்டீர்களா?

“யாரோ பசங்க இருந்தாங்கம்மா” என்று, வீடு வீடாக வந்து கேட்ட என்னிடம் சொல்லி அனுப்பினீர்கள். யாரோ பசங்க! நம் நாற்காலியைச் சுமந்தவர்கள், நம் செருப்பை அடுக்கியவர்கள், நம் குழந்தைகளைத் தோளில் வைத்து வேடிக்கை காட்டியவர்கள், அவர்கள் யாரோ பசங்களா? இன்றைக்கு யாரோவாக இருப்பவன் நாளைக்கு எப்படி நம்மவனாக நம் முன் நிற்பான்?

கோர்ட்டுக்குப் போனால் ஆபீஸில் பெயர் கெடும் என்பது தெரியும். போலீஸ் நம் வீட்டையும் குறித்துக்கொள்ளும் என்ற பயம் தெரியும். பயமில்லாதவர் வரட்டும் என்று நான் கேட்கவில்லை. பயந்துகொண்டே வாருங்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் கம்பிக்குப் பின்னால் நின்று, ஒரு பெரிய மனிதர் பயந்துகொண்டே தனக்காக வந்து நிற்பதைப் பார்க்கட்டும். ஆண் என்றால் யார் என்று அதற்குமேல் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலை கோர்ட்டு வராந்தாவில் அப்பாவும் நானும் நிற்போம். ஒருவர் வந்தால் போதும். பார்த்தவர் வந்தால் போதும்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். மேடை கொடுத்த மன்றத்துக்கும், அடிக்காத மணிக்கும், எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கும் நன்றி. வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. சேர்ந்து நடந்து பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். போய், பிள்ளையை நேராகக் கூப்பிடுங்கள். வணக்கம்.

*

கைதட்டினார்கள். தலைவர் முடிவுரையில், “பெண்ணுக்குத் தமிழ் நன்றாக வருகிறது. கல்கத்தாவில் வளர்ந்த பெண் என்று சொல்ல முடியாது” என்றார்.

திங்கட்கிழமை மன்றத்திலிருந்து ஒருவர் வந்தார். சேஷாத்ரி மாமா. பாங்கில் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். “பயமாத்தாம்மா இருக்கு” என்றார். அன்று கூடத்தில் இருந்தேன், காபி கொடுத்த பையனைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னார். அவன் யார் என்று காட்டும்படி அரசாங்க வக்கீல் கேட்டார். எங்கள் சந்துப் பிள்ளைகள் ஆறு பேரும் கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு தையற்காரர் மகன் தபனைக் காட்டினார்.

ஜாமீன் கிடைக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது அப்பா வலைக் கம்பி அருகே போய், “சாப்பிட்டியாடா?” என்று கேட்டார். உத்தமன் தலையை ஆட்டினான்.

ராஜாராமன் அவர்கள் அன்று ஆபீஸில் இருந்தார். அப்பாவின் அரை நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.